மறைந்த தொகுதியும் மாறிய எல்லையும்: சின்னசேலம் சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை முன்வைத்துச் சங்கராபுரம் – கல்வராயன்மலை வட்டாரம்

ஆய்வுச் சுருக்கம்

1977 முதல் 2006 வரை நடைபெற்ற எட்டுப் பொதுத்தேர்தல்களில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய சின்னசேலம் தொகுதி, 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறை ஆணையால் நீக்கப்பட்டது. அதன் நிலப்பரப்பு அண்டைத் தொகுதிகளோடு இணைந்தது. கள்ளக்குறிச்சி என்னும் பெயரில் தனித் தொகுதி ஒன்று தோன்றியது. சங்கராபுரம் பெயர் மாறாமல் எல்லை மட்டும் மாறியது. இம்மாற்றத்தின் சட்டப் பின்புலத்தையும் அது கல்வராயன்மலைப் பழங்குடி மக்களின் சார்பாண்மையோடு கொண்டுள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. தொகுதிப் பெயரை நிலையான நிலஅலகாகக் கொள்ளும் ஆய்வுமுறை பிழைபடும் இடங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தொகுதி, மறுவரையறை, சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன்மலை, மலையாளிப் பழங்குடியினர், தனித் தொகுதி, ஜாகீர்.

1. முன்னுரை

வட்டார வரலாறு எழுதுவோர் ஊர், கோயில், கல்வெட்டு, வணிக வழி, நீர்நிலை ஆகியவற்றுக்குத் தரும் கவனத்தைத் தேர்தல் தொகுதிக்குத் தருவதில்லை. தொகுதி என்பது அரசியல் அறிவியலார்க்கு உரிய பொருள் என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் உயிர்பெறும் நிருவாகக் கோடு என்றும் கருதப்படுவது இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு வட்டாரத்து மக்கள் எவரோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள், எவரிடமிருந்து பிரித்து எண்ணப்படுகிறார்கள் என்பதைத் தொகுதி எல்லையே முடிவு செய்கிறது. சாலை, பள்ளி, மருத்துவமனை, நிலப்பட்டா முதலிய தேவைகள் சட்டமன்றத்தை அடையும் வழியும் அதுவே.

தொகுதிகள் பிறக்கின்றன, பெயர் மாறுகின்றன, மறைகின்றன. மறைந்த தொகுதிக்கு நினைவுச்சின்னம் இல்லை. அதன் பெயர் பழைய தேர்தல் முடிவுப் பட்டியல்களிலும் அவை நடவடிக்கைக் குறிப்புகளிலும் மட்டும் எஞ்சுகிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அவ்வாறு மறைந்த சின்னசேலம் தொகுதியை மையமாகக் கொண்டு, அதன் அண்டைத் தொகுதியான சங்கராபுரத்தின் எல்லை வரலாற்றையும் அதனுள் அடங்கிய கல்வராயன்மலையின் நிலையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொகுதி என்னும் சொல்லும் நாடு என்னும் சொல்லும்

தொகு என்னும் வினையடியிலிருந்து தொகை, தொகுப்பு, தொகுதி முதலிய சொற்கள் கிளைக்கின்றன. பலவற்றை ஒன்றாகச் சேர்த்தல் என்பது இவற்றின் பொதுப்பொருள். தேர்தல் நிலஅலகைக் குறிக்க இச்சொல் வழங்குவது மிகப் பொருத்தமானது. ஏனெனில் தொகுதியின் அடிப்படை நிலமன்று. தொகுக்கப்பட்ட மக்கள் எண்ணிக்கையே ஆகும். நிலம் அவ்வெண்ணிக்கையைக் கொள்ளும் கலமாக மட்டுமே அமைகிறது. மக்கள்தொகை மாறும்போது கலத்தின் விளிம்பும் மாற வேண்டியதாகிறது.

இடைக்காலத் தமிழக நிலப்பிரிவுகளான நாடு, கூற்றம், வளநாடு, மண்டலம் ஆகியன இதற்கு மாறானவை. இவை நீர்ப்பாசனம், வேளாண் குடியிருப்பு, குறுநில ஆட்சி ஆகியவற்றை ஒட்டி எழுந்தவை. ஆறகளூரைத் தலைநகராகக் கொண்டு வாணகோவரையர் ஆண்ட மகதை மண்டலம் இவ்வட்டாரத்துக்கு நெருங்கிய சான்றாகும். வசிட்ட நதிக்கரையில் அமைந்த ஆறகளூர் இன்று சேலம் மாவட்டத்தில் உள்ளது. பிற்கால மாவட்ட எல்லை சேலம் என்றும் தென்னார்க்காடு என்றும் பிரித்த நிலப்பரப்பு, இடைக்காலத்தில் தொடர்ச்சியுடைய அரசியல் வெளியாக இயங்கியதை மகதை மண்டலத்தின் வரலாறு உணர்த்துகிறது.

தேர்தலுக்கான பிரிவு தமிழகத்துக்குப் புதிதன்று எனக் காட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டும் வழக்கம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தெரிவு செய்ததைக் கூறுகின்றன. ஆனால் நிலவுடைமை, வயது, கல்வி ஆகிய தகுதிகளால் வரம்பிடப்பட்ட பிரமதேயச் சபையின் ஏற்பாடு அது. எல்லார்க்கும் ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்னும் கொள்கையின்மேல் எழுந்த இன்றைய தொகுதியோடு அதனை நேர்ப்படுத்துவது பொருந்தாது. இக்கொள்கையிலிருந்தே மறுவரையறையின் தேவை பிறக்கிறது.

3. அவையின் அளவும் தொகுதிகளின் அமைப்பும்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937இல் தேர்தல் நடந்தபோது சென்னை மாகாணச் சட்டமன்றம் 215 இடங்களைக் கொண்டிருந்தது. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையிலேயே அப்போது வாக்குரிமை அளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் நடந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவையின் இடங்கள் 375 ஆயின. ஆந்திரப் பிரிவினை, மொழிவழி மாநில அமைப்பு ஆகியவற்றின் பின் 1957இல் 205 எனவும், 1962இல் 206 எனவும் அமைந்து, 1967இல் 234 என்னும் எண்ணை எட்டின. அன்று முதல் இன்று வரை அவ்வெண் மாறவில்லை.

தொடக்கத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே நிலப்பரப்பிலிருந்து பொது உறுப்பினர் ஒருவரும், தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் உறுப்பினர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறை கைவிடப்பட்டது. அதன்பின் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றாயிற்று. இதன் விளைவு கருதத்தக்கது. முன்பு ஒதுக்கீடு ஒரு நிலப்பரப்பின் இரண்டாம் இடமாக அமைந்தது. பின்னர் நிலப்பரப்பு முழுவதுமே பொதுத் தொகுதி அல்லது தனித் தொகுதி என வகைப்பட்டது. எனவே எந்த ஊர் எந்தத் தொகுதியில் சேர்கிறது என்னும் வினா முன்னினும் கூர்மை பெற்றது.

4. 1976: நான்கு நிகழ்வுகள்

சின்னசேலம் – சங்கராபுரம் வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றில் 1976ஆம் ஆண்டு திருப்புமுனையாகும். தம்முள் நேரடித் தொடர்பில்லாத நான்கு நிகழ்வுகள் அவ்வாண்டில் நிகழ்ந்தன.

முதலாவது, 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட 1976ஆம் ஆண்டின் தொகுதி வரையறை ஆணை. அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரிஷிவந்தியம், சின்னசேலம், சங்கராபுரம் என்னும் மூன்று தொகுதிகள் அதன்படி அடுத்தடுத்து அமைந்தன. வட்டத் தலைநகராக விளங்கிய கள்ளக்குறிச்சியின் பெயரில் சட்டமன்றத் தொகுதி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, அரசமைப்பின் 42ஆவது திருத்தம். 2000ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை இடங்களின் பகிர்வை அது நிறுத்தி வைத்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் இடங்களை இழத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. தொகுதியின் எல்லையும் அதனால் உறைந்தது.

மூன்றாவது, பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் ஆணைகளைத் திருத்திய சட்டம். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் என்போர் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் வாழ்வோராக அதில் வரையறுக்கப்பட்டனர். கல்வராயன்மலையின் இருபுறமும் வாழ்ந்த மலையாளிகள் இதனுள் அடங்கினர்.

நான்காவது, கல்வராயன்மலை ஜாகீர்களை அரசு மேற்கொண்டமை. மலைப்பகுதி சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகியோர் பெயரில் வழங்கிய மூன்று ஜாகீர்களாக ஆளப்பட்டு வந்தது. இவ்வுரிமை விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தது என்பது அம்மரபினரின் கூற்று. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே மலை மக்கள் இடைநிலை உரிமையாளர் இன்றி அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தனர்.

இந்நான்கையும் சேர்த்து நோக்கினால் ஒரு முரண் புலனாகிறது. மலை மக்கள் அரசின் நேரடிக் குடிகளாக ஆன அதே ஆண்டில், அவர்கள் இடம்பெறும் தொகுதி எல்லைகள் அடுத்த முப்பதாண்டுக்கு மாறாதவாறு நிலைநிறுத்தப்பட்டன. அவ்வெல்லைகளை வரைவதற்கு அடிப்படையான 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ ஜாகீர் முறை நீங்குவதற்கு முன் எடுக்கப்பட்டது.

5. சின்னசேலம் தொகுதி: எட்டுத் தேர்தல்கள்

1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 ஆகிய ஆண்டுகளின் பொதுத்தேர்தல்களில் சின்னசேலம் பொதுத் தொகுதியாக விளங்கியது. விருத்தாசலம் – சேலம் இருப்புப்பாதையில் அமைந்த சின்னசேலம், தென்னார்க்காட்டுச் சமவெளியையும் ஆத்தூர்ப் பகுதியையும் இணைக்கும் வழியில் உள்ள ஊராகும். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இத்தொகுதி விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கு விளிம்பாயிற்று. மாவட்டம் மாறியபோதும் தொகுதி மாறவில்லை. வருவாய் எல்லையும் தேர்தல் எல்லையும் வெவ்வேறு காலகதியில் இயங்குவதற்கு இது சான்றாகும்.

எல்லை உறைந்திருந்த காலத்தில் மக்கள்தொகை உறைந்திருக்கவில்லை. 1971இல் 4,11,99,168 ஆக இருந்த தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001இல் 6,24,05,679 ஆயிற்று. 234 தொகுதிகளுக்குச் சமமாகப் பகுத்தால், தொகுதி ஒன்றுக்கு 1971இல் ஏறத்தாழ 1,76,000 பேரும், 2001இல் ஏறத்தாழ 2,66,700 பேரும் வருகின்றனர். இது சராசரி மட்டுமே. நகர்ப்புறம் விரிந்த பகுதிகளில் சில தொகுதிகள் பெரிதும் பருத்தன. வேறு சில அவ்வாறு வளரவில்லை. ஒரு வாக்கின் மதிப்பு தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டது. இவ்வேறுபாட்டைக் குறைப்பதே மறுவரையறையின் முதல் நோக்கமாக அமைந்தது.

6. 2008ஆம் ஆண்டு ஆணையும் சின்னசேலத்தின் நீக்கமும்

2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின்கீழ், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. அரசமைப்பின் 84ஆவது திருத்தம், 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை மாநிலங்களுக்குரிய இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் வைத்தது. மாநிலத்துக்குள் எல்லையைத் திருத்த மட்டும் இடமளித்தது. 2003ஆம் ஆண்டின் 87ஆவது திருத்தம் அதற்கு 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. 2008 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவரின் அறிவிக்கையால் புதிய ஆணை நடைமுறைக்கு வந்தது.

விழுப்புரம் மாவட்டத்தில் சின்னசேலம், மேல்மலையனூர், கண்டமங்கலம், முகையூர், திருநாவலூர் ஆகிய ஐந்து தொகுதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. மயிலம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி ஆகிய நான்கு பெயர்கள் இடம்பெற்றன. மாவட்டத்தின் தொகுதி எண்ணிக்கை 12இலிருந்து 11 ஆகக் குறைந்தது. வட்டாரத்தின் மூன்று தொகுதிகள் ரிஷிவந்தியம் (எண் 78), சங்கராபுரம் (எண் 79), கள்ளக்குறிச்சி (எண் 80) என்றாயின. கள்ளக்குறிச்சி பட்டியல் சாதியினர்க்குரிய தனித் தொகுதியாக அமைந்தது. சின்னசேலம் பேரூர் அதனுள் சேர்ந்தது.

சின்னசேலம் வாக்காளர்க்கு இதனால் நேர்ந்த மாற்றங்கள் இரண்டு. தம் ஊரின் பெயரால் அமைந்த தொகுதியை அவர்கள் இழந்தனர். பொதுத் தொகுதியிலிருந்து தனித் தொகுதிக்கு மாறினர். தனித் தொகுதியில் வேட்பாளர் தகுதியே வரையறுக்கப்படுகிறது. வாக்குரிமை எல்லார்க்கும் உண்டு. ஆகவே இரண்டாவது மாற்றத்தை இழப்பாகக் கருத இடமில்லை. மாநில மக்கள்தொகையில் 19 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர்க்கு அவையில் உரிய பங்கு கிடைக்க, ஏதேனும் சில நிலப்பரப்புகள் தனித் தொகுதியாக வேண்டியிருந்தது. மாநிலத்தின் தனித் தொகுதிகள் 42இலிருந்து 44 ஆக உயர்ந்ததும் இதே ஆணையாலேயே ஆகும்.

தொகுதியின் மறைவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை 2011 வரை நீடித்தமையால் சின்னசேலம் உறுப்பினர் அதுவரை பதவியில் இருந்தார். ஆனால் 2009ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் புதிய எல்லைகளின்படி நடந்தது. இவ்வாறு 2009 முதல் 2011 வரை, சின்னசேலத்து வாக்காளர் ஒருவர் சட்டமன்றத்தில் மறைந்துவரும் தொகுதியாலும், மக்களவையில் 2008ஆம் ஆண்டு ஆணைப்படி அமைந்த கள்ளக்குறிச்சித் தொகுதியாலும் சார்பாக்கம் பெற்றார்.

அரசியலாளர்களும் புதிய எல்லைக்கு ஏற்ப இடம்பெயர்ந்தனர். 2001இல் சின்னசேலத்தில் வென்ற ப. மோகன் 2011இல் சங்கராபுரத்திலிருந்து தேர்வாகி அமைச்சரானார். 2006இல் சின்னசேலத்தில் வென்ற தா. உதயசூரியன் 2016, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் சங்கராபுரத்தில் வென்றார். தொகுதி மறைந்தாலும் அதனுள் உருவான அரசியல் தொடர்புகள் அண்டைத் தொகுதிக்குக் கடத்தப்பட்டன என்பதை இது காட்டுகிறது. கட்சியமைப்பு, உறவுமுறை, தொண்டர் வலைப்பின்னல் ஆகியவை தொகுதிக் கோட்டுக்குள் அடங்குவனவல்ல.

7. கல்வராயன்மலை: ஒரு மலை, இரு தொகுதிகள்

வெள்ளிமலையை மையமாகக் கொண்ட கல்வராயன்மலையின் கிழக்குப் பகுதி சங்கராபுரம் பொதுத் தொகுதியில் உள்ளது. கருமந்துறையை உள்ளிட்ட மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. அது ஏற்காடு பழங்குடித் தனித் தொகுதியில் உள்ளது. ஒரே மலைத்தொடரில், ஒரே பழங்குடிப் பெயருடன், மணவுறவும் வழிபாட்டுறவும் கொண்டு வாழும் மக்கள் இரு வகைத் தொகுதிகளில் எண்ணப்படுகின்றனர்.

இப்பிரிவுக்கான காரணம் சட்டத்திலேயே உள்ளது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தொகுதிகள் நிலவியல் நோக்கில் செறிவாக அமைய வேண்டும் என்றும், இயற்கை அமைப்பு, நிருவாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவை கருதப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இயற்கை அமைப்பைக் கருதின் மலை ஒன்று. நிருவாக எல்லையைக் கருதின் மலை இரண்டு. இவ்விரண்டும் மோதும் இடத்தில் மாவட்ட எல்லையே மேலோங்கியது.

ஒதுக்கீட்டு விதியும் இங்கு நோக்கத்தக்கது. பட்டியல் சாதியினர்க்குரிய இடங்கள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக, அவர்கள் விகிதம் ஒப்பளவில் மிக்க இடங்களில் அமைய வேண்டும் என்பது விதி. பழங்குடியினர்க்குப் பரவல் விதி இல்லை. மொத்த மக்கள்தொகையில் அவர்களின் விகிதம் மிகப் பெரிதாக உள்ள தொகுதிகளே ஒதுக்கப்பட வேண்டும். எனவே பழங்குடித் தொகுதி எங்கு அமையும் என்பது, எல்லை எங்கு வரையப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மலை மக்களைப் பெருந்திரளான சமவெளி மக்களோடு சேர்க்கும்போது அவர்களின் விகிதம் தானே குறைகிறது. சங்கராபுரத்தின் நிலை இதுவே.

மாநில அளவிலான கணக்கையும் காண்க. 2001இல் தமிழ்நாட்டின் பழங்குடியினர் 6,51,321 பேர், மக்கள்தொகையில் 1.04 விழுக்காடு. 234 இடங்களில் இதன் பங்கு 2.44. ஆணை இரண்டு இடங்களையே அளித்தது. 2006 வரை ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என மூன்றாக இருந்த பழங்குடித் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7,94,697 பேர், பங்கு 2.58. இவ்வெண்ணின்படி ஒதுக்கீடு செய்யப்பட்டிருப்பின் மூன்றாம் இடம் மீளக் கிடைத்திருக்கக்கூடும். ஆயின் எல்லை 2001ஆம் ஆண்டில் நிற்கிறது.

வாய்மொழி மரபு இவ்விடத்தில் ஒளி தருகிறது. மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் தோற்றக்கதை. அதன் ஒரு வடிவத்தில், உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர். ஏற்காடு சேர்வராயன் மலையையும், உப்பிலியபுரம் பச்சைமலையையும், சேந்தமங்கலம் கொல்லிமலையையும் சார்ந்த தொகுதிகள். கதையின் மூன்று மலைகளும் 2006 வரை மூன்று பழங்குடித் தொகுதிகளாக நின்றன. கதை வடிவத்தில் தனியிடம் பெறாத கல்வராயன்மலை தேர்தல் பட்டியலிலும் தன் பெயரால் இடம்பெறவில்லை. இவ்வொப்புமை தற்செயலானதே, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. எனினும் மரபறிந்த நிலப்பரப்பையும் சட்டம் வரைந்த நிலப்பரப்பையும் அருகருகே வைத்துக் காண இது உதவுகிறது.

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் இல்லை. எனவே அத்தகைய பகுதிகளுக்குரிய கிராம சபை அதிகாரங்களை வழங்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்குப் பொருந்துவதில்லை. உள்ளாட்சியில் கல்வராயன்மலை தனி ஊராட்சி ஒன்றியமாகவும், வருவாய்த் துறையில் தனி வட்டமாகவும் உள்ளது. சட்டமன்ற நிலையில் மட்டும் அது பெரிய தொகுதி ஒன்றின் பகுதியாகிறது. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த நச்சுச் சாராய மரணங்களைத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக ஏற்றது. சாலை, கல்வி, மருத்துவம் போன்ற அடிப்படைத் தேவைகள் நீதிமன்றத்தின் வழி பொதுவிவாதத்துக்கு வந்தமை, சார்பாண்மை பற்றிய வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதை உணர்த்துகிறது.

8. மக்களவைத் தொகுதியில் மீண்டும் ஒன்றான மலை

சட்டமன்றத் தொகுதியில் பிரிந்த மலை, மக்களவைத் தொகுதியில் ஒன்றாயிற்று. 2008ஆம் ஆண்டு ஆணையின்படி அமைந்த கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி (எண் 14) ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. இவற்றுள் கள்ளக்குறிச்சி, கங்கவல்லி, ஆத்தூர் மூன்றும் பட்டியல் சாதியினர்க்கும், ஏற்காடு பழங்குடியினர்க்கும் உரியவை. ஆறனுள் நான்கு தனித் தொகுதிகளாயினும் மக்களவைத் தொகுதி பொதுத் தொகுதியாகும். 2009இல் ஆதிசங்கர் இதன் உறுப்பினராகத் தேர்வானார்.

சேலம் மாவட்டத்தின் கிழக்கையும் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கையும் இத்தொகுதி இணைக்கிறது. மகதை மண்டலத்தின் மையப்பகுதியான ஆறகளூர் வட்டாரமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தேர்தல் அலகில் அமைவது இதன் விளைவாகும். ஆணையம் இடைக்கால நிலப்பிரிவைக் கருதி இதனைச் செய்யவில்லை. ஆற்றுப்படுகையும் மலைக்கணவாயும் வணிக வழியும் ஒன்றாக்கிய நிலத்தை மக்கள்தொகைக் கணக்கும் ஒன்றாக்கியது எனலாம். மாவட்ட எல்லையைக் கடக்கும் தொகுதி அமைப்பு இயலாததன்று என்பதற்கும் இதுவே சான்று.

9. ஆய்வுமுறைக்குரிய சில எச்சரிக்கைகள்

சின்னசேலத்தின் வரலாறு வட்டார ஆய்வாளர்க்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

ஒன்று: பெயர் ஒன்றாயினும் தொகுதி ஒன்றாகாது. 2006ஆம் ஆண்டுச் சங்கராபுரமும் 2011ஆம் ஆண்டுச் சங்கராபுரமும் வெவ்வேறு நிலப்பரப்புகள். இவ்விரு தேர்தல்களின் வாக்கு விகிதங்களை நேராக ஒப்பிட்டு மக்களின் மனமாற்றத்தை உய்த்துணர்வது பிழையாகும். மாறியது மனமா, எல்லையா என முதலில் தெளிய வேண்டும். வாக்குச்சாவடி அளவிலோ ஊராட்சி அளவிலோ தரவுகளைத் தொகுத்தே ஒப்பீடு செய்தல் தகும்.

இரண்டு: பெயர் மறைந்தாலும் வரலாறு மறைவதில்லை. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் சின்னசேலம் என்னும் தலைப்பின்கீழ் உள்ள வினாக்களும் விடைகளும் இன்றைய கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் தொகுதிகளின் முன்வரலாறே ஆகும். இன்றைய தொகுதிப் பெயரால் மட்டும் தேடுவோர்க்கு அவை அகப்படா.

மூன்று: தேர்தல் எல்லையும் நிருவாக எல்லையும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எட்டு வட்டங்களில் சின்னசேலம் இல்லை. பின்னர் அது வட்டத் தலைநகராயிற்று. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. தொகுதியை இழந்த ஊர் வட்டத்தைப் பெற்றது; மாவட்டம் பிறந்தபோது தொகுதிகள் பழைய மாவட்டக் கணக்கில் வரையப்பட்டவையாகவே தொடர்ந்தன. ஓர் ஊரின் நிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை ஏதேனும் ஒரு பட்டியலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

10. முடிவுரை

சின்னசேலம் தொகுதியின் மறைவு, மக்கள்தொகைச் சமன்பாடு, பட்டியல் சாதியினர் ஒதுக்கீடு, மாவட்ட எல்லையைப் பேணுதல் ஆகிய மூன்று விதிகள் ஒருங்கே செயல்பட்டதன் விளைவாகும். அவ்விதிகள் ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமுடையது. அவை கூடிய இடத்தில், ஊர் ஒன்று தன் பெயரிலான தொகுதியை இழந்தது. கள்ளக்குறிச்சி தன் பெயரில் தொகுதி பெற்றது. கல்வராயன்மலை இரு தொகுதிகளில் எண்ணப்படும் நிலையில் நின்றது.

2026ஆம் ஆண்டுக்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்போடு அரசமைப்பு விதித்த தடை முடிவுக்கு வருகிறது. கணக்கெடுப்புக்குரிய நாளாக 2027 மார்ச் 1 குறிக்கப்பட்டுள்ளது. மக்களவையில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையுமா என்னும் வினா இன்று பொதுவெளியில் முதன்மை பெற்றுள்ளது. அது இன்றியமையாத வினாவே. ஆயினும், மாநிலத்துக்குள் எல்லைகள் எவ்வாறு வரையப்படும் என்னும் வினாவும் அதற்கு இணையான கவனத்துக்கு உரியது. வரைவு ஆணை வெளியானபின் மக்கள் கருத்துக் கேட்கும் நிலையில், மலை ஒன்றன் வழிபாட்டெல்லை, மணவுறவெல்லை, சந்தையெல்லை, நடைவழி ஆகியவற்றை ஆவணமாக முன்வைப்பதற்கு வட்டார ஆய்வாளர்களே தகுதியுடையவர்கள். இயற்கை அமைப்பும் மக்களின் வசதியும் சட்டம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்கள் ஆதலின், அத்தகைய சான்றுகளுக்கு அங்கு இடமுண்டு. கல்வராயன்மலையின் இருபுறத்து ஊர்களையும் ஒரே களமாகக் கொண்ட அவ்வாய்வு, அடுத்த எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன் முடிக்கப்பட வேண்டிய பணியாகும்.